மிலிட்டரிக்காரர் வீடுகளுக்கு ஊரில் ஓர் உதவி மையம்: எங்கிருந்து தொடங்குவது?

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவர் ராணுவத்தில் பணியாற்றுகிறார். இவர் பள்ளி ஆசிரியை. சுற்றுவட்டாரத்துப் படைவீரர் குடும்பங்களுக்காகப் பெண்கள் சிலர் சேர்ந்து ஓர் உதவி மையம் தொடங்க நினைக்கிறார்கள். "எங்கள் பகுதியில் எல்லா வகைக் குடும்பமும் இருக்கிறது. வடக்கிலிருந்து மணமாகி வந்தவர், உருது பேசும் வீடு, காலனி வீடு, கணவரை இழந்தவர், மாற்றுத்திறனாளிப் பிள்ளையை வைத்திருப்பவர் என்று பலர். எல்லாருக்கும் பயன்பட வேண்டுமென்றால் எதைச் செய்ய வேண்டும், எப்படி நடத்த வேண்டும்?" என்பது கேள்வி. சங்கமாகப் பதிய வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

நல்ல காரியம் அம்மா, தாராளமாகத் தொடங்குங்கள். ராணுவத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஆகவே என் பதிலில் கோப்பு வாசனை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

வேலூரில் இவ்வகைக் குடும்பங்களுக்கு அலுவலகங்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.ஹெச்.எஸ்.ஸின் பாலிகிளினிக் இருக்கிறது, கேன்டீன் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது படையில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிவிட்ட கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில், எந்தத் தாளை எங்கே கொடுக்க வேண்டும் என்று சொல்ல ஒரு பழைய சுபேதாராவது கிடைப்பார். ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே வகைக் குடும்பத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது: ஓய்வூதியம் வாங்கும் ஆண், பதிவேட்டில் பெயர் ஏறிய மனைவி, இரண்டு பிள்ளைகள். இந்தச் சட்டகத்துக்கு வெளியே நிற்கிற குடும்பத்துக்கும் பெரும்பாலும் விதியில் இடம் உண்டு. ஆனால் அவர்களுடைய பெயர் பதிவேட்டில் இருப்பதில்லை. ஆகவே உங்கள் மையம் செய்ய வேண்டிய முதல் வேலை, வீரர் உயிரோடும் முடிந்தால் பணியிலும் இருக்கும்போதே வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் பதிவேட்டில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. தையல் இயந்திரம் கொடுப்பது, சுதந்திர தின விழா நடத்துவது எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் பாதிச் சிக்கல் இங்கேதான் முளைக்கிறது. திருமணம், குழந்தை பிறப்பு, மனைவியின் பெயர்த் திருத்தம் எல்லாம் வீரர் பணியில் இருக்கும்போது அவருடைய யூனிட் வெளியிடும் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற ஆணை வழியாகத்தான் பதிவேட்டில் ஏறும். வீட்டில் வள்ளியம்மாள், ஆதாரில் வள்ளி, படைப்பிரிவின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் வட இந்திய எழுத்தர் காதில் விழுந்தபடி வேறொன்று என்று மூன்று பெயரில் ஒரே பெண் வாழ்ந்துகொண்டிருப்பார். நம் ஊர் இனிஷியலை என்ன செய்வது என்று தெரியாமல் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கி வைத்திருப்பார்கள். பிறந்த தேதி இன்னொரு தலைவலி. கணவர் பணியில் இருக்கும்போது இதைத் திருத்துவது எளிது: அவர் தன் யூனிட் அலுவலகத்தில் ஆதாரங்களோடு ஒரு விண்ணப்பம் கொடுத்தால் வேலை நகரும். ஓய்வுபெற்ற பின் நல அலுவலகம் வழியாக ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத வேண்டும். அவர் இறந்த பின் என்றால், துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு 'நான்தான் அவர் மனைவி' என்று அந்தப் பெண் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

ரெக்கார்ட் ஆபீஸ் எது என்றே தெரியாத வீடுகள் ஏராளம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன். பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இயந்திரப் பழுதுநீக்கும் பிரிவான ஈ.எம்.இ.க்குச் செகந்திராபாத், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ. 'அவர் மிலிட்டரியில் இருந்தார்' என்பதற்கு மேல் ஒரு சொல் தெரியாத மனைவிக்கு இதில் எந்த வாசலைத் தட்டுவது என்று எப்படித் தெரியும்? ஆகவே வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். முதல் பக்கத்தில் படை எண், பதவி, ரெக்கார்ட் ஆபீஸ், ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வின் எண், வங்கிக் கிளை, பணியிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புக் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்ற குறிப்பு. அதைக் கணவர் கையால் எழுதச் சொல்லுங்கள், மனைவி வைத்திருக்கட்டும். வாரிசு நியமனப் பத்திரத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் தாயையோ தம்பியையோ காப்பீட்டுக்கு நியமித்தவர், பிள்ளை பிறந்த பிறகும் அதை மாற்றாமலே விட்டிருப்பார். பின்னால் மாமியாரும் மருமகளும் ஆட்சியர் அலுவலக வராந்தாவில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பது இதனால்தான். மனைவிக்கு மட்டும் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. வயதான பெற்றோருக்கு எவ்வளவு பங்கு என்பதை வீரரே தெளிவாக எழுதி வைப்பது இரு தரப்புக்கும் நல்லது.

இனி நீங்கள் குறிப்பிட்ட குடும்பங்களுக்கு வருகிறேன்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை உள்ள வீடுதான் நீங்கள் முதலில் போக வேண்டிய வீடு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு, தானே பிழைப்புத் தேடிக்கொள்ள முடியாத நிலை என்றால், பெற்றோருக்குப் பின் வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. வருமான வரம்பையும் 2021-இல் தளர்த்திவிட்டார்கள். ஈ.சி.ஹெச்.எஸ்.ஸில் மகனுக்கு 25 வயது வரை என்ற வரம்பும் இந்தப் பிள்ளைக்குக் கிடையாது. இதற்கு மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேண்டும், பி.பி.ஓ.வில் பிள்ளையின் பெயர் சேர வேண்டும். மனவளர்ச்சிக் குறைபாடு என்றால் பாதுகாவலர் யார் என்பதையும் பெற்றோர் இருக்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும். பல வீடுகளில் வெட்கத்தினாலோ, மற்ற மகளின் கல்யாணம் தட்டிப்போகும் என்ற பயத்தினாலோ இந்தப் பிள்ளையைப் பற்றி வெளியே சொல்வதே இல்லை. வேலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு: சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையமும் மனநல மையமும் பாகாயத்தில் பக்கத்திலேயே இருக்கின்றன. மனநல மையம் என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, சொல்லுங்கள். ஈ.சி.ஹெச்.எஸ். வழியாகப் போகிறவர்கள் எந்த மருத்துவமனை எந்தச் சிகிச்சைக்குப் பட்டியலில் இருக்கிறது என்று பாலிகிளினிக்கில் கேட்டுப் பரிந்துரைத் தாள் வாங்கிக்கொண்டு போக வேண்டும். நேரே போய்ச் சேர்த்துவிட்டுப் பிறகு பில்லை நீட்டினால் அவசரச் சிகிச்சை அல்லாதவற்றுக்குப் பணம் வருவது கடினம்.

கணவரை இழந்தவர்கள் விஷயத்தில் விதிகளை நீங்கள் கொஞ்சம் படித்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் ஊரார் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. தொடக்கத்தில் சில ஆண்டுகளுக்கு 50 விழுக்காடு. பணியினால் நேர்ந்த மரணம் என்றால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் 60 விழுக்காடு. போர்க்களத்திலோ தீவிரவாதிகளுடனான சண்டையிலோ இறந்தால் தாராளமயமாக்கப்பட்ட குடும்ப ஓய்வூதியம், அதாவது முழுச் சம்பள அளவு. எந்த வகை என்பதைத் தீர்மானிப்பது யூனிட்டும் ரெக்கார்ட் ஆபீஸும் அனுப்பும் அறிக்கை. குறைவாகத் தீர்மானித்துவிட்டதாகத் தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கப்புறம் சென்னையிலேயே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது.

மறுமணம் செய்தால் ஓய்வூதியம் போய்விடும் என்று ஒரு பயமுறுத்தல் ஊரெங்கும் உண்டு. பிள்ளை இல்லாத விதவை மறுமணம் செய்தாலும், அவருடைய மற்ற வருமானம் வரம்புக்குள் இருக்கும்வரை குடும்ப ஓய்வூதியம் தொடரும். பிள்ளைகள் உள்ளவருக்கு விதி ஓய்வூதிய வகையைப் பொறுத்து மாறும். ஆனாலும் எல்லாம் அடியோடு நின்றுவிடும் என்பது பொய். மறுமணத்துக்கு மத்திய அரசின் படைவீரர் நல வாரியமான கேந்திரிய சைனிக் போர்டு உதவித்தொகையே தருகிறது. இருபத்துநான்கு வயதுப் பெண்ணை மூலையில் உட்கார வைப்பதற்குச் சட்டத்தைச் சாட்சிக்கு இழுக்கிறவர்களிடம் இதை உரக்கச் சொல்லுங்கள்.

மணவிலக்குப் பெற்றுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய மகள்களும் நிறையப் பேர். அவர்களுக்கும் குடும்ப ஓய்வூதியத்தில் இடம் உண்டு, ஆனால் தந்தையோ தாயோ உயிரோடு இருக்கும்போதே நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குத் தொடுத்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் பஞ்சாயத்தில் பெரிய மனிதர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதி 'தீர்த்துவிட்டார்கள்' என்பார்கள். அந்தத் தாளை எந்த அலுவலகமும் ஏற்காது. அப்படி ஒரு மகள் வீட்டில் இருந்தால் தாயின் உடல்நிலை மோசமாகும்வரை காத்திருக்க வேண்டாம். வழக்குச் செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலை 26 அன்று வீர் பரிவார் சகாயதா திட்டத்தைத் தொடங்கி, படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையம் அமைக்க வழி செய்திருக்கிறது. கணவர் எல்லையில் இருக்கும்போது பங்காளி நில வழக்குப் போட்டால், 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குகள் சட்டம் என்று ஒன்று உண்டு, போர் அல்லது சிறப்புச் சூழலில் பணியாற்றுகிறார் என்று மேலதிகாரி சான்று கொடுத்தால் நீதிமன்றம் வழக்கை நிறுத்தி வைக்கும். இந்தச் சட்டம் தெரியாத வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள், ஆகவே ஒரு பிரதி எடுத்து மையத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ மணமாகி வந்த பெண்ணுக்கு முதல் தேவை மொழித் துணை. நம்மிடம் இந்தி தெரிந்த ஓய்வுபெற்ற ஹவில்தார்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அலுவலக வேலைக்கு அவர்கள் போதும். ஆனால் மகப்பேறு மருத்துவரிடமோ, 'மாமியார் அடிக்கிறார்' என்று சொல்ல வேண்டிய இடத்திலோ ஓர் ஆணை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். யூனிட் குடியிருப்பில் சில ஆண்டு வாழ்ந்து இந்தி கற்ற நம் பெண்கள் இருப்பார்களே, அவர்களைப் பழக்குங்கள். பிறந்த ஊர் குடும்ப அட்டையில் பெயர் நீக்கி இங்கே சேர்ப்பது, ஆதார் முகவரி மாற்றுவது இரண்டும் முடிந்தால்தான் மற்றவை நகரும். மதம் கடந்த மணம், சாதி கடந்த மணம் என்றால் திருமணப் பதிவைத் தள்ளிப்போடவே கூடாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிய வேண்டும். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. வீரருக்குக் கிடைக்கும் விடுமுறையே சில வாரங்கள்தான் என்பதால், விடுமுறைக்கு விண்ணப்பிக்கும்போதே நாளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்து உருது பேசும் வீடுகளில் திருமணப் பத்திரமான நிக்காஹ்நாமாவைப் பத்திரமாக வைத்திருப்பார்கள், ஆனால் பல நேரம் அது உருதுவில் மட்டும் இருக்கும். மொழிபெயர்த்து நோட்டரி சான்று வாங்கி வைத்தால் பிற்பாடு அலைச்சல் இல்லை.

இன்னொரு வகை, யாரும் வெளிப்படையாகப் பேசாதது. முதல் மனைவியை விவாகரத்துச் செய்யாமலே இரண்டாவதாக ஒரு குடும்பம். இந்து ஆணின் இரண்டாம் திருமணம் செல்லாது, அந்தப் பெண்ணுக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. ஆனால் அவளுடைய பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே ஓர் அரசு ஊழியர் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. அந்தப் பெண் உங்கள் மையத்துக்கு வந்தால் ஒழுக்கப் பாடம் நடத்தாதீர்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். அதேபோல, பிள்ளை திருநங்கை என்று தெரிந்ததும் வீட்டை விட்டே அனுப்பிவிட்ட சுபேதார் வீடுகளும் உண்டு. தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் 2008-இலேயே வந்துவிட்டது. பட்டாளத்துக் குடும்பங்களுக்குள் அந்தப் பேச்சு இன்னும் வரவில்லை. பெற்றோரோடு பொறுமையாகப் பேசக்கூடிய ஒருவர் உங்களிடம் இருந்தால் அதுவே பெரிய சேவை.

அக்னிவீர்களையும் துணை ராணுவத்தாரையும் விட்டுவிடாதீர்கள். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிந்ததும் 25 விழுக்காடு வரைதான் நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வெளியே வருகிறார்கள். ஓய்வூதியம் இல்லை, ஈ.சி.ஹெச்.எஸ். இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. முதல் அணி வெளியேறும் காலம் 2026 முடிவை ஒட்டியது. இருபத்துமூன்று வயதில் கையில் பணத்தோடு ஊருக்கு வரும் பையனைச் சுற்றி யார் யார் மொய்ப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அவனுக்கும் அவன் வீட்டுக்கும் நீங்கள் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். குடும்பங்களை ஊரார் மிலிட்டரி என்றுதான் சொல்வார்கள், அரக்கோணம், தக்கோலம் பக்கம் போனால் இவர்கள் எண்ணிக்கை அதிகம். ஆனால் அவர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறவர்கள்; படைவீரர் நல அலுவலகத்தில் அவர்களுக்கு வேலை நடக்காது. அவர்களுக்கென்று நலன் மற்றும் மறுவாழ்வு வாரியம் தனியே இருக்கிறது. சரியான வாசலைக் காட்டி அனுப்புங்கள், அலைக்கழியாமல் போவார்கள்.

பண உதவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்த, ஹவில்தார் பதவி வரையிலான, 65 வயது கடந்த முன்னாள் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் கேந்திரிய சைனிக் போர்டு தரும் வறுமை நிவாரணம் 2025 நவம்பர் முதல் மாதம் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகியிருக்கிறது. இரண்டு பிள்ளைகள் வரை கல்வி உதவி மாதம் 2,000, மகள் திருமணத்துக்கும் விதவை மறுமணத்துக்கும் ஒரு லட்சம். தொழிற்படிப்புக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை மாணவிக்கு மாதம் 3,000, மாணவருக்கு 2,500. தொழில் தொடங்க மாநில அரசின் முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டத்தில் ஒரு கோடி வரை கடன், 30 விழுக்காடு மூலதன மானியம், 3 விழுக்காடு வட்டி மானியம். கணவரை இழந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். கல்லூரிச் சேர்க்கைக்குப் படைவீரரைச் சார்ந்தோர் என்ற சான்று வாங்கக் கடைசி வாரத்தில் ஓடுவதை மட்டும் நிறுத்துங்கள்.

இனி நடத்தும் முறை. கூட்டத்தைக் கோயில் மண்டபத்திலோ ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலோ வைக்காதீர்கள். அங்கே காலனிக்காரர் வரத் தயங்குவார், கணவரை இழந்தவர் வரமாட்டார், இஸ்லாமியப் பெண் வரமாட்டார்; வராதவர்களுக்குத்தான் மையமே தேவை. நீங்கள் ஆசிரியை, அரசுப் பள்ளி வகுப்பறையை ஞாயிற்றுக்கிழமை அனுமதியோடு கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் ஊரில் என்றால் அடுத்த மாதம் காலனிப் பள்ளியில் நடக்கட்டும். பதவி வரிசையை வாசலிலேயே கழற்றி வைக்கச் சொல்லுங்கள்: சுபேதார் மேஜர் மனைவி முன் வரிசையிலும் சிப்பாய் மனைவி சுவரோரத்திலும் உட்காரும் பழக்கம் யூனிட் குடியிருப்பிலிருந்து ஊருக்கும் வந்துவிடுகிறது. அணைக்கட்டு மலையூர்களான பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை பக்கத்திலோ, படுத்த படுக்கையான முதியவரிடமோ யாராவது நேரில் போக வேண்டும். ஓய்வூதியம் ஸ்பர்ஷ் என்ற இணையவழி முறைக்கு மாறிய பின் ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ்வுச் சான்று கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும். கைரேகை தேய்ந்த கிழவிக்கு முகம் காட்டிச் சான்று கொடுக்கும் செயலியை ஒரு கல்லூரி மாணவி செல்போனில் முடித்துக் கொடுப்பாள்.

வாட்ஸ்அப் குழு வைப்பீர்கள், தடுக்க முடியாது. அதில் பி.பி.ஓ. எண், ஆதார் படம், கணவர் எந்த இடத்தில் இருக்கிறார், எந்த ரயிலில் காட்பாடி வருகிறார் என்ற எதையும் போட விடாதீர்கள். ஸ்பர்ஷ் அதிகாரி என்று சொல்லி ஓ.டி.பி. கேட்கும் திருடர்கள் பெருகிவிட்டார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும். நிலுவைத் தொகையில் பங்கு கேட்கும் தரகர்களை உள்ளே விடாதீர்கள், அவர் எவ்வளவு மரியாதையான முன்னாள் படைவீரராக இருந்தாலும். குடியும் அடியும் தூக்கமின்மையும் உள்ள வீட்டுக்கு, அதிலும் சண்டைப் பகுதியிலிருந்து திரும்பியவர் உள்ள வீட்டுக்கு, புத்திமதி பயன்படாது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். அந்த எண்ணை அச்சடித்துக் கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். யாருக்கும் தெரியாமல் குறித்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

சங்கமாகப் பதிய வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் ஆண்டு வேண்டாம். சந்தாவும் வேண்டாம், தலைவர் செயலாளர் பதவியும் வேண்டாம். பதவி வந்த மறுநாளே இரண்டு சங்கம் ஆவது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. வெளியாரிடம் நன்கொடை வாங்கும் நிலை வந்தால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிந்துகொள்ளலாம். அந்த ஏழு பேரில் கணவரை இழந்த ஒருவரும், காலனியிலிருந்து ஒருவரும், உருது பேசும் ஒருவரும் கையெழுத்துப் போடுபவராக இருக்கட்டும், பெயருக்கு இல்லாமல் வங்கிக் காசோலையிலும்.